தொண்டைக் குழியில் பத்து நாள்

டான்சில் எடுத்த பிள்ளையின் வீட்டிலிருந்து மருத்துவருக்குப் போகும் அழைப்பு அநேகமாக ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ வரும். முதல் இரண்டு நாள் பிள்ளை அழுதது. மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்து, ரசத்தில் கரைத்த சாதத்தை இரண்டு வாய் விழுங்கியது. இப்போது காதைப் பொத்திக்கொண்டு, எச்சிலைக்கூட விழுங்க மாட்டேன் என்கிறது. “தொண்டையிலதானே ஆபரேஷன் செஞ்சீங்க டாக்டர், காது ஏன் வலிக்குது?” என்று அம்மா கேட்கிறார். நியாயமான கேள்வி. காதில் எந்தக் கோளாறும் இல்லை. டான்சில் குழிக்கு உணர்வு தரும் ஒன்பதாம் மண்டை நரம்பே நடுக்காதுக்கும் ஒரு கிளையை அனுப்புகிறது. தொண்டைப் புண்ணிலிருந்து கிளம்பும் வலியை மூளை காதின் கணக்கிலும் எழுதிவிடுகிறது.

அப்படியானால் அந்த நரம்பையே அறுவையின்போது மரத்துப்போகச் செய்துவிட்டால் என்ன? பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே போல ஓர் ஊசி. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த யோசனையை மருத்துவம் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்து பார்த்து வருகிறது. இருந்தும் இன்று இரண்டு அறுவை மருத்துவர்களிடம் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கக்கூடும். ஏன் இப்படி என்று ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தால், மரப்பு மருந்தைப் பற்றி மட்டுமின்றி, வலியை நாம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதைப் பற்றியும் நிறையத் தெரியவருகிறது.

முதலில் வலியின் அளவு. டான்சில் அறுவையைச் ‘சின்ன ஆபரேஷன்’ என்றே எல்லோரும் சொல்கிறோம். அரை மணி, முக்கால் மணி நேர வேலை. வெளியே தழும்பு கிடையாது. பல இடங்களில் அன்றே அல்லது மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஜெர்மனியில் 105 மருத்துவமனைகளில் 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அறுவைக்கு மறுநாள் வலி எவ்வளவு என்று கேட்டு, 179 வகை அறுவைகளை வரிசைப்படுத்தினார்கள். 2013-இல் வெளியான அந்தப் பட்டியலில் மிக அதிகமாக வலிக்கும் முதல் 25 அறுவைகளுக்குள் டான்சில் அறுவை இருந்தது. வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்யும் சில அறுவைகள் அதற்குக் கீழே இருந்தன. காரணம் விளங்காததல்ல. பெரிய அறுவை என்றால் வலிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். முதுகில் குழாய் வைத்தாவது மருந்து போகிறது. சின்ன அறுவை என்று பெயர் வாங்கிவிட்டால் மருந்தும் சின்னதாகிவிடுகிறது.

புண்ணின் இயல்பையும் பார்க்க வேண்டும். வயிற்றிலோ காலிலோ வெட்டினால் தைத்து மூடுகிறோம். டான்சிலை எடுத்த குழியைப் பொதுவாக யாரும் தைப்பதில்லை. தொண்டையின் இரண்டு பக்கமும் தசை வெளியே தெரியும்படி, மேல்தோல் இல்லாத பச்சைப் புண்ணாக விடப்படுகிறது. கை முறிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கலாம். தொண்டைக்குக் கட்டு ஏது? ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் அந்தத் தசை சுருங்கி, நரம்பு நுனிகள் இழுபடுகின்றன. முதல் ஓரிரு நாளில் குழியில் வெள்ளைப் படலம் ஒன்று மூடுகிறது. சீழ் வைத்துவிட்டதோ என்று பெற்றோர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அதுதான் அந்த இடத்தின் பொருக்கு. ஐந்தாம் நாளிலிருந்து அது உரியத் தொடங்கும்போது புண் மறுபடி திறந்துகொள்கிறது. ஆறத் தொடங்கிய வலி மறுபடி ஏறுகிறது. மொத்தத்தில் ஏழு நாள் முதல் இரண்டு வாரம் வரை. அறுவையின்போது வாயைத் திறந்து வைக்கும் இரும்புக் கருவி நாக்கை அழுத்துவதால், முதல் நாளில் நாக்கும் வீங்கி வலிப்பது தனி.

வலி பத்து நாள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மரப்பு மருந்தின் கதைக்கு வருவோம்.

1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கோகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டு, விழித்திருக்கும் நோயாளிக்கு வலியில்லாமல் கண் அறுவை செய்ய முடியும் என்று காட்டினார். அதே ஆண்டு, அதே ஊரில், எட்மண்ட் யெலினெக் அதைத் தொண்டையில் தடவிப் பார்த்தார். தொண்டை மருத்துவர்களுக்கு அது பெரிய திறப்பு. பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, தொண்டையை மரக்கச் செய்து டான்சிலை எடுப்பது பல பத்தாண்டுகளுக்கு வழக்கமாகவே இருந்தது. ஆனால் கோகெய்ன் உயிரையும் வாங்கியது. மரப்பு மருந்தால் நேர்ந்த மரணங்களை 1924-இல் எமில் மேயர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் தொகுத்து வெளியிட்டபோது, அவற்றில் பல டான்சில் அறுவையின்போது நிகழ்ந்தவை என்று தெரியவந்தது. தொண்டை ரத்த ஓட்டம் மிகுந்த இடம். அங்கே செலுத்துவது விரைவாக உடம்பெல்லாம் பரவிவிடும். நூறு வருடத்துக்கு முன் கற்ற இந்தப் பாடம் இன்றைய மருந்துகளுக்கும் பொருந்தும்.

கோகெய்னுக்குப் பின் வந்தவை பாதுகாப்பானவை. 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் லிடோகெய்னை உருவாக்கினார். நம் ஊர் மருந்துக் கடைகளில் அதன் பெயர் லிக்னோகெய்ன். 1957-இல் அதே சுவீடனிலிருந்து புபிவகெய்ன் வந்தது. லிக்னோகெய்ன் சீக்கிரம் மரக்கச் செய்து சீக்கிரம் விட்டுவிடும். புபிவகெய்ன் மெதுவாகத் தொடங்கினாலும் நான்கு மணி முதல் எட்டு மணி நேரம் வரை நிற்கும். இதயத்துக்கு அதைவிடக் கொஞ்சம் மென்மையானது என்று 1990-களில் ரோபிவகெய்ன் புழக்கத்துக்கு வந்தது. மூன்றும் செய்யும் வேலை ஒன்றே. நரம்பு ஒரு சேதியை அனுப்ப வேண்டுமென்றால் அதன் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறக்க வேண்டும். மருந்து நரம்புக்குள் புகுந்து, உள்ளேயிருந்து அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. சேதி போகாது, வலி தெரியாது.

இதில் ஒரு சிக்கல் டான்சிலுக்கென்றே உண்டு. மரப்பு மருந்தின் மூலக்கூறு மின்னூட்டம் இல்லாத வடிவில் இருந்தால்தான் நரம்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். வீங்கிச் சிவந்த திசுவில் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலம் கூடினால் மூலக்கூறுகளில் பெரும்பகுதி மின்னூட்டம் ஏறி வெளியிலேயே நின்றுவிடும். சீழ் பிடித்த பல்லை எடுக்கும்போது ஊசி போட்டும் சரியாக மரக்கவில்லை என்று பலர் சொல்வது இதனால்தான். வருடக்கணக்கில் அடிக்கடி அழன்று வந்த டான்சிலும் அதே இனம். அங்கே ஊசியின் பலன் ஆளுக்கு ஆள் மாறினால் வியப்பதற்கில்லை.

அறுவை முழு மயக்கத்தில் நடக்கும்போது மரப்பு ஊசி எதற்கு என்று கேட்கலாம். அதற்கான சிந்தனை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைலிடம் தொடங்குகிறது. மயக்கத்தில் இருப்பவருக்கு வலி தெரியாது என்றாலும் வெட்டுப்பட்ட நரம்பு தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த வழியை அடைத்துவிட்டு வெட்ட வேண்டும் என்றார் அவர். 1988-இல் வலி ஆய்வாளர் பேட்ரிக் வால் இதற்குப் புது உயிர் கொடுத்தார். வலிச் சேதி வெள்ளமாக வந்து தாக்கினால் தண்டுவட நரம்பணுக்கள் மிகையாகக் கூர்மையடைகின்றன. பிறகு லேசான தொடுகைகூட வலியாகிறது. வெள்ளம் வருமுன்பே மடையை அடைத்துவிட்டால் பின்னால் வரும் வலியே குறையலாம் என்பது வாதம்.

இதைச் சோதிக்க டான்சிலைவிடப் பொருத்தமான அறுவை கிடைக்காது. 1991-இல் அலபாமாவில் ஜெபிலிஸும் சகாக்களும் சிறு எண்ணிக்கைக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, வெட்டுமுன் ஒரு குழுவின் டான்சிலைச் சுற்றிப் புபிவகெய்னும் மற்றதற்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். சில மணி நேரமே நிற்க வேண்டிய மருந்து. ஆனால் அது பெற்ற குழந்தைகளுக்கு விழுங்கும்போது வரும் வலி பத்து நாள் வரை குறைவாக இருந்தது என்று அறிவித்தார்கள். வாலின் கருத்துக்கு இதைவிட அழகான சான்று வேண்டுமா என்று பலரும் மகிழ்ந்தார்கள். உலகெங்கும் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள்.

விடை ஒன்றாக வரவில்லை. சிலருக்குப் பலன் தெரிந்தது. சிலருக்கு முதல் சில மணி நேரம் மட்டும் தெரிந்தது. சிலருக்கு உப்புநீருக்கும் மருந்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. 1999-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக ஹாலிஸ் குழுவினர் அதுவரை வந்தவற்றைச் சலித்தெடுத்தபோது, நம்பத்தக்கவை என்று தேறியவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில சிறிய ஆய்வுகளே. மரப்பு மருந்து வலியைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்று முடித்தார்கள். ‘சான்றில்லை’ என்பது ‘பலனில்லை’ என்பதற்குச் சமமல்ல. இரண்டையும் ஒன்றாகப் படித்தவர்கள் ஊசியைக் கைவிட்டார்கள்.

2008-இல் கிரெய்ஞ்சரும் சரவணப்பாவும் இன்னும் கூடுதலான ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது படம் மாறியது. மரப்பு மருந்தால் வலி குறைகிறது, ஆனால் மிதமாகத்தான். 0 முதல் 100 மில்லிமீட்டர் வரை உள்ள வலிக்கோட்டில் சுமார் 7 முதல் 19 மில்லிமீட்டர் வரை. அறுவைக்குப் பிறகு இந்தக் கோட்டில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் குறைந்தால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதாவது பலன் உண்டு என்ற எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் மருந்து இது. அதே தொகுப்பில் என் கவனத்தை அதிகம் இழுத்த முடிவு வேறொன்று. மருந்தை ஊசியால் செலுத்துவதும், மருந்தில் நனைத்த பஞ்சைக் குழிக்குள் சில நிமிடம் அழுத்தி வைப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஊசி இல்லை என்பதால் ஊசியின் ஆபத்துகளும் இல்லை. பஞ்சு முறையையே தேர்ந்தெடுக்கலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

இத்தனை ஆய்வுக்குப் பிறகும் விடை ஏன் தெளியவில்லை? என் பார்வையில் அளக்கும் முறையிலேயே பிழைகள் இருக்கின்றன. பல ஆய்வுகளில் ஒரே நோயாளியின் ஒரு பக்கத்தில் மருந்தும் மறுபக்கத்தில் உப்புநீரும் கொடுத்து, எந்தப் பக்கம் அதிகம் வலிக்கிறது என்று கேட்டார்கள். ஆளுக்கு ஆள் வலி மாறும் சிக்கலைத் தவிர்க்க இது புத்திசாலித்தனமான வழியாகத் தோன்றும். ஆனால் தொண்டை நடுவில் இருக்கும் ஓர் உறுப்பு. இரண்டு புண்ணும் ஒரே விழுங்கலில் இழுபடுகின்றன. ஐந்து வயதுப் பிள்ளையிடம் “வலது பக்கமா, இடது பக்கமா?” என்று கேட்டு வாங்கும் பதிலை எவ்வளவு தூரம் நம்புவது? அடுத்தது, உப்புநீர் ஊசியும் சும்மா இருப்பதில்லை. திசுவுக்குள் நீரைச் செலுத்தினால் டான்சில் தன் படுகையிலிருந்து சற்று விலகிக் கொடுக்கும், அறுவை எளிதாகும், தசையில் காயம் குறையும். ஒப்பிட வைத்த குழுவுக்கே ஒரு நன்மை சேர்ந்துவிட்டால் மருந்தின் நன்மை சிறிதாகத்தான் தெரியும். கத்தியால் எடுத்தார்களா, மின்சூட்டால் எடுத்தார்களா என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சுட்ட புண்ணின் வலியே வேறு.

எல்லாவற்றிலும் பெரிய குறை, பெரும்பாலான ஆய்வுகள் முதல் 24 மணி நேரத்தோடு அளவுகோலைச் சுருட்டி வைத்துவிடுவதுதான். பத்து நாள் வலியின் முதல் நாளை மட்டும் அளந்து தீர்ப்பு எழுதுகிறோம். ஐந்தாம் நாள்வரை அளந்த சிலவற்றில் மருந்து பெற்றவர்களுக்கு வலி குறைவாகவே இருந்தது. அது வால் சொன்ன மடையடைப்பா, அல்லது சிறிய ஆய்வுகளில் இயல்பாக வரும் மிகைக் கணக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எண்ணிக்கை குறைவு. எல்லா வகை அறுவைகளையும் சேர்த்து 2002-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் பார்த்தபோது, வெட்டுமுன் கொடுப்பதற்கும் வெட்டியபின் கொடுப்பதற்கும் பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை என்றே தெரிந்தது. ஜெபிலிஸின் பத்து நாளை நம்ப விரும்புகிறேன். நம்பும் அளவுக்கு அது மறுபடி மறுபடி நிகழ்ந்து காட்டவில்லை.

பலன் மிதமென்றால் ஆபத்து எவ்வளவு என்பதே முடிவைத் தீர்மானிக்கும். டான்சில் குழியின் சுவர் மெல்லிய தசை ஒன்றுதான். அதற்கு அப்பால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, பெரியவர்களில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் ஓடுகிறது; குழந்தைகளில் இன்னும் நெருக்கம். குரல்வளையை அசைக்கும் வேகஸ் நரம்பும் நாக்கை அசைக்கும் நரம்பும் அதே பக்கத்தில் செல்கின்றன. மருந்து சற்று ஆழமாகப் போனால் வலி நரம்போடு இவையும் மரத்துப்போகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மரத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதை அடைபடும். 1997-இல் அமெரிக்காவில் பீன்-லிஜெவ்ஸ்கி இப்படி உயிருக்கே ஆபத்தான இரண்டு நிகழ்வுகளைப் பதிவு செய்தார். மயக்கம் தெளியும் குழந்தை மூச்சுக்குத் திணறும்போது, காரணம் வலியைப் போக்கக் கொடுத்த மருந்து என்று உடனே யாருக்குத் தோன்றும்? கைதேர்ந்தவர்கள் ஊசியை ஆழமாகச் செலுத்தாமல், ஒவ்வொரு முறையும் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, டான்சிலை ஒட்டிய மேல்படலத்திலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படியும் அளவு கணக்கு ஒன்று இருக்கிறது. புபிவகெய்னுக்கு எடை ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது கவனமான உச்சவரம்பு. 12 கிலோ எடையுள்ள மூன்று வயதுக் குழந்தைக்கு 24 மில்லிகிராம். 0.25 சதவீதக் கரைசல் என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 10 மில்லிக்கும் கீழே. கைக்கு 0.5 சதவீதக் குப்பி வந்துவிட்டால் 5 மில்லிக்கும் கீழே. குப்பியின் மேல் எழுதியிருப்பதைச் சத்தமாக வாசித்துவிட்டு உறிஞ்சும் பழக்கமுள்ள அறுவை அரங்கில் இந்தத் தவறு நடக்காது. வரம்பு மீறி ரத்தத்தில் கலந்தால் முதலில் வலிப்பு வரலாம், பின்பு இதயம் நிற்கலாம். அப்போது கொடுக்க 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு இன்று இருக்கிறது. மரப்பு ஊசி போடும் அரங்கில் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது மிகையாகாது.

வீட்டில் அடிக்கச் சொல்லும் மரப்புத் தெளிப்பான் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வாய் கொப்பளிப்பு நீர்கள், தெளிப்பான்கள் பற்றிய ஆய்வுகளை 2013-இல் காக்ரேன் தொகுத்தது. லிக்னோகெய்ன் தெளிப்பு, உப்புநீர்த் தெளிப்பைவிட மூன்றாம் நாள் வரை வலியைக் கூடுதலாகக் குறைத்தது போலத் தெரிந்தது. ஆய்வுகளின் தரம் பலவீனம் என்றும் சேர்த்தே எழுதினார்கள். பெரியவர் ஒருவர் மருத்துவர் சொன்ன அளவில் பயன்படுத்தினால் சாப்பிடுமுன் சிறிது நேர ஆறுதல் கிடைக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். 10 சதவீதத் தெளிப்பானில் ஓர் அழுத்துக்கு 10 மில்லிகிராம் வரும். 12 கிலோ குழந்தைக்கு நான்கு அழுத்திலேயே எல்லை தாண்டிவிடும். நள்ளிரவில் அழும் பிள்ளைக்கு அழுத்துகளை எண்ணிக்கொண்டிருப்பார்களா? தொண்டை மரத்திருக்கும்போது கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போவதையும் புண்ணிலிருந்து ரத்தம் கசிவதையும் பிள்ளையால் உணரவும் முடியாது.

இனி, மரப்பு மருந்து தன் சில மணி நேர வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு என்ன? இங்கேதான் சான்றுகள் வலுவாக இருக்கின்றன. இங்கேதான் நடைமுறை தள்ளாடுகிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பு குழந்தைகளுக்காக 2019-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும், ஐரோப்பிய வலி நிபுணர்களின் ‘ப்ராஸ்பெக்ட்’ குழு 2021-இல் வெளியிட்ட பரிந்துரையும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன: பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற அழற்சி தணிக்கும் மருந்து, அறுவையின்போது நரம்பு வழியே ஒரே ஒரு முறை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. அந்த அடிப்படைப் பட்டியலில் மரப்பு ஊசி இல்லை. டெக்ஸாமெதசோன் பெற்ற குழந்தைகளுக்கு அன்று வாந்தி எடுக்கும் வாய்ப்பு பாதியாகிறது. வலியும் பத்தில் ஏறக்குறைய ஒரு புள்ளி குறைகிறது. வாந்தி நின்றால் விழுங்கும் தெம்பு வருகிறது. விழுங்கினால் தொண்டை காயாமல் இருக்கிறது. துணை வழிகளில் தேனையும் ப்ராஸ்பெக்ட் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் தொண்டைப் புண்ணுக்குத் தேன் தடவிய கைகளுக்கு இது புதிய செய்தியல்ல. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது.

ஒரு காலத்தில் கோடீன் சேர்ந்த மருந்தே வழக்கமாக எழுதப்பட்டது. கல்லீரல் கோடீனை மார்ஃபினாக மாற்றினால்தான் அது வேலை செய்யும். சிலரது உடம்பு பிறப்பிலேயே இதை மிக வேகமாகச் செய்துவிடும். 2009-இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு, டான்சில் எடுத்து வீடு திரும்பிய இரண்டு வயதுக் குழந்தை வழக்கமான அளவு கோடீனிலேயே மூச்சடங்கிப் போனதை விவரித்தது. இன்னும் சில மரணங்கள் வெளிவர, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல் 12 வயதுக்குக் கீழே கோடீனையும், டான்சில் அறுவைக்குப் பின் 18 வயதுக்குக் கீழே அதே வகை வலி மருந்தான டிரமடாலையும் கூடாதென்றது. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்ததாலேயே டான்சில் எடுக்கப்படும் பிள்ளைகள் இன்று ஏராளம். அவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மற்றவர்களைவிட ஆபத்தானவை. மரப்பு மருந்தின் மீது ஆய்வாளர்களுக்கு மறுபடி ஆர்வம் வந்ததற்கு இதுவும் காரணம்: மூச்சை அடக்காத எந்தச் சிறு உதவியும் இங்கே மதிப்புள்ளது.

இபுபுரூஃபன் ரத்தக் கசிவை அதிகரிக்குமா என்ற அச்சமும் நேர்மையாகப் பேசப்பட வேண்டியது. 741 குழந்தைகளை வைத்து நடந்து 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவை அரங்குக்கு மீண்டும் கொண்டுபோக வேண்டிய அளவு ரத்தக் கசிவு பாராசிட்டமால் குழுவில் 1.2 சதவீதமும் இபுபுரூஃபன் குழுவில் 2.9 சதவீதமுமாக இருந்தது. இபுபுரூஃபன் ஆபத்தைக் கூட்டவே இல்லை என்று அந்த ஆய்வால் உறுதியளிக்க முடியவில்லை. கூட்டுகிறது என்று முடிவாகச் சொல்லவும் எண்ணிக்கை போதவில்லை. பெரும்பாலான மருத்துவர்கள் வலி தணிந்து தண்ணீர் குடிக்கும் பலனைப் பெரிதாகக் கருதி அதை எழுதுகிறார்கள். ரத்தம் உறைதலில் குறையுள்ள குடும்பம் என்றால் கணக்கு மாறும். அறுவை முறையே வலியைக் குறைக்கும் வழியும் ஒன்று உண்டு. டான்சிலை முழுக்க எடுக்காமல், தசையை ஒட்டிய உறையை விட்டுவைத்து உள்சதையை மட்டும் சீவி எடுத்தால், மூச்சுத் தடைக்காக அறுவை செய்த பிள்ளைகள் ஏறக்குறைய நான்கு நாள் முன்னதாகவே வழக்கமான ஓடியாட்டத்துக்குத் திரும்புகிறார்கள் என்று 2020-இன் காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. எந்த ஊசியும் தராத நான்கு நாள் அது. மிச்சம் விட்ட சதை மறுபடி வளரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்பதையும் எடைபோட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் முடிவு இது: சரியான அளவில், பஞ்சில் நனைத்தோ மேலோட்டமாகச் செலுத்தியோ கொடுத்த மரப்பு மருந்து, மயக்கம் தெளியும் முதல் சில மணி நேரத்தை மென்மையாக்குகிறது. கண் விழித்தவுடன் வலியால் அலறாத பிள்ளை முதல் வாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கும். அதற்காக அது வரவேற்கத்தக்கது. மீதி ஒன்பதரை நாளுக்கு அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. அந்த நாட்கள் நடப்பது மருத்துவமனையில் அல்ல, வீட்டில். 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டான்சில் எடுத்து வீடு வந்த முதல் நாள் 86 சதவீதப் பிள்ளைகளுக்குக் குறிப்பிடத்தக்க வலி இருந்ததாகப் பெற்றோரே சொன்னார்கள். அதே நாளில் நான்கில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளை மருந்தோ, அதுவும் இல்லாமலோதான் கொடுக்கப்பட்டிருந்தது. அன்பில்லாதவர்கள் அல்ல அவர்கள். ‘அடிக்கடி கொடுத்தால் பழகிவிடும்’, ‘தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்’, ‘தாங்கிக்கொள்ளட்டும்’ என்ற எண்ணங்கள் எல்லா நாட்டுப் பெற்றோருக்கும் உண்டு. நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் உண்டு. வலி ஏறியபின் கொடுத்தால் பிள்ளை மருந்தையே விழுங்காது. அதனால் முதல் சில நாளாவது அழும்வரை காத்திராமல், மருத்துவர் எழுதிய இடைவெளியில் மணி பார்த்துக் கொடுப்பதே நல்லது.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வீரியத்தில் விற்கிறார்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று 15 கிலோ பிள்ளைக்கு 225 மில்லிகிராம் கொடுக்க வேண்டுமானால், முதலாவதில் 9 மில்லிக்குச் சற்று மேல், இரண்டாவதில் நாலரை மில்லி. ‘ஒரு மூடி குடுங்க’ என்று சொல்லி அனுப்பினால் ஒரு வீட்டில் போவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இன்னொரு வீட்டில் போகும். மருந்துச் சீட்டில் எத்தனை மில்லி என்றும், எந்த வீரியம் என்றும், எத்தனை மணிக்கு ஒரு முறை என்றும், ஒரு நாளில் எத்தனை முறைக்கு மேல் கூடாது என்றும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். மீந்திருக்கும் ஆஸ்பிரினையோ நிமசுலைடையோ தொட வேண்டாம்; 12 வயதுக்குக் கீழே நிமசுலைடு இந்தியாவில் 2011-இலேயே தடை செய்யப்பட்டது.

ஐந்தாம் நாளில் காது வலித்தால் பதற வேண்டாம், வலி மருந்தை நிறுத்தவும் வேண்டாம். படலம் உரியும் நேரம் அது. அதே படலம் உரியும்போதுதான், ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், தாமத ரத்தக் கசிவும் வரும். எச்சிலில் பழுப்பாக ஒரு கோடு தெரிவது வேறு. செக்கச்செவேலென்று ரத்தம் வந்தால், அல்லது தூங்கும் பிள்ளை ஓயாமல் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், தானாக நிற்கட்டும் என்று விடியும்வரை காத்திராமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.